ஏனுங்க, இந்தாங்க துண்டு

வாங்க கண்ணு, வாங்க வாங்க. அய்யோ, செருப்பை வாசல்ல உடாதீங்க! கையில எடுத்துட்டு வாங்க. ஊட்டுக்குள்ளதாங்க. இந்தா, ஃபிரிட்ஜு மேல வெச்சிருங்க. எங்க எல்லார்த்துச் செருப்பும் அங்கதான் இருக்குது, பாத்தீங்களா? போன வாரம் கேஸ் சிலிண்டர் போட வந்தவரு ஒத்தச் செருப்போட நொண்டிக்கிட்டே போனாரு. நல்ல மனுசன்.

நாய்க்குட்டிய எடுத்துட்டுப் போக வந்தவங்க நீங்கதானே? தொண்டாமுத்தூர்தானே? கோகிலா போன்ல சொன்னா. கோகிலா என்ற மருமக. "ஏனுங்கத்தை, ஒரு பொண்ணு வருவாங்க, நான் ஆபீஸ்ல இருந்து வாரதுக்குள்ள வந்துட்டா உக்கார வெச்சுப் பேசிட்டு இருங்க"ன்னா. பேசறதுக்கு எனக்குச் சொல்லிக்குடுக்கோணுமா? கூடையெல்லாம் கொண்டாந்துட்டீங்களே. மூடி இருக்குதுங்களா? இருக்கோணும், இருக்கோணும்.

உக்காருங்க. காலைத் தூக்கி மேல வெச்சுக்குங்க. கூச்சப்படாதீங்க கண்ணு, எங்க ஊட்டுல இப்ப எல்லாரும் சம்மணம் போட்டுத்தான் உக்கார்றது. அது எங்கயா? உங்களுக்கு அடியிலதான். சோபாவுக்குக் கீழ. தூங்குது. டொப்பு டொப்புன்னு கேட்டுச்சுங்களா? வாலு. தூக்கத்துலயே ஆட்டும். தூங்கறப்பப் பாத்தீங்கன்னா பச்சைப் புள்ளையாட்ட இருக்கும். மூணு மாசந்தான் ஆகுது.

காப்பி எடுத்துக்குங்க. சக்கரை பத்தலைன்னா சொல்லுங்க.

நான் ஒளிச்சு மறைச்சுப் பேச மாட்டனுங்க. கூட்டிட்டுப் போறவங்க எல்லாம் தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போகோணும். இது கடிக்கும். உறுமும். உறுமிக்கிட்டே கடிக்கும். அந்தச் சோபாக் காலைப் பாருங்க, எலி கரண்டுனாப்புல இல்ல? அந்தத் திரைச்சீலை முழங்காலு வரைக்குந்தான் தொங்குதா? அது முன்னால தரையைத் தொட்டுட்டு இருந்துச்சு. என்ற சேலை முந்தானை ஒண்ணுகூட முழுசா இல்லீங்க. கோயமுத்தூர்லயே கிழிஞ்ச முந்தானையோட வங்கிக்குப் போயி ஓய்வூதியம் வாங்குன பொம்பள நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அங்க இருந்த பையன் எந்திரிச்சு நின்னு நாற்காலி போட்டான். என்னமோ கஷ்டப்பட்ட குடும்பம்னு நெனைச்சிருப்பான்.

பேரு என்னன்னு கேக்கறீங்களா? அங்கதான் வினையே. அந்தப் பேரை நான் சொல்ல மாட்டனுங்க. கோயில்ல பூசை பண்றப்ப கையில புடிச்சு ஆட்டுவாங்களே, டிங் டிங்குன்னு? ஆமா, நீங்க சொன்னதேதான். ஊருல பாதி நாய்க்கு அந்தப் பேருதான். என்ற பேத்தி மிதுனா வெச்சது. நான் அப்பத் திருப்பூர்ல மக ஊட்டுல இருந்தேன். வந்து பாத்தா பேரு வெச்சு, பொட்டும் வெச்சு, கேக்கும் வெட்டி முடிச்சிருந்தாங்க. அந்தப் பேருக்கு முன்னால ராசான்னு சேத்துச் சொல்லிப் பாருங்க. சொல்லிட்டீங்களா? அதுதான் எங்க ஊட்டுக்காரரு பேரு. புள்ளை மேல தப்பில்லீங்க. அதுக்கு அவரு அப்பாரு, தாத்தா. ஊருக்கெல்லாம் மில்லு மேஸ்திரி. பேரை ஆரு சொன்னா?

கலியாணமான நாள்ல இருந்து நான் அந்தப் பேரை வாயில எடுத்ததில்ல. பேரை மட்டுமா? கடியாரத்தைப் பாத்து நேரம் சொல்லோணும்னாக்கூட 'அஞ்சு அடிச்சுருச்சு'ம்பேன். ஒருக்கா ஆஸ்பத்திரியில ஒரு நர்சுப் புள்ள, "பாட்டி, உங்க ஊட்டுக்காரரு பேரு என்னங்க?"ன்னு கேட்டுச்சு. நான் கையை இப்புடி ஆட்டிக் காட்டுனேன். அந்தப் புள்ள, "டாக்டர், இவங்களுக்குக் கை நடுங்குது"ன்னு சொல்லிப்போட்டுது. அதுக்கு ஒரு மாத்தரை வேற குடுத்தாங்க. என்ன பண்றது, முழுங்குனேன்.

சிரிங்க, சிரிங்க. காப்பி சிந்தாம சிரிங்க.

அப்ப இந்த நாயை நான் என்னன்னு கூப்புடறது சொல்லுங்க? அவரை எப்புடிக் கூப்புட்டனோ அப்புடித்தான். 'ஏனுங்க.' வேற என்ன தெரியும் எனக்கு? அவரு போயி ரெண்டு வருசமா அந்த வார்த்தைக்கு வேலையே இல்லாம இருந்துச்சா, மொத நாளு எனக்குள்ளயே ஒருக்கா சொல்லிப் பாத்துட்டுத்தான் கூப்புட்டேன். அட, அதை உடுங்க. இது ஒரே கூப்புடுக்கு ஓடியாந்துருச்சுங்க! அவரு நாலு கூப்புடுக்கு அப்பறந்தான் 'ம்'ம்பாரு.

மறுபடியும் டொப்புன்னு அடிக்குது பாருங்க. என்ன கனவோ.

மொதல்ல கையைக் கடிச்சுது. ஊசியாட்டப் பல்லு. எங்க பக்கத்து ஊட்டு டீச்சரம்மா, பேரு மேரி ஸ்டெல்லா, "கையில வேப்பெண்ணெய் தடவிக்குங்க, கிட்டயே வராது"ன்னாங்க. தடவுனேன். அது நக்கிப் பாத்துட்டு, மூஞ்சியச் சுளிச்சுட்டு, முழங்கைக்கு மேல கடிச்சுது. அங்க தடவல பாருங்க. அப்பறம் மிதுனா செல்லுல ஒரு வீடியோ காட்டுனா. கடிச்சா நாம குட்டி நாயாட்டக் 'கீச்'னு கத்தோணுமாம். அப்ப அதுக்கு வலிக்குதுன்னு புரியுமாம். சரின்னு நானும் கத்துனனுங்க. எனக்குக் கொஞ்சம் பெரிய தொண்டை. டீச்சரம்மா ஊட்டுக்காரரு பாம்புன்னு நெனைச்சுட்டு ஒட்டடைக் குச்சியோட செவுரு ஏறிக் குதிச்சு வந்துட்டாரு. வந்தவரு காலை இது கவ்விக்கிச்சு. அவரும் கீச்சுனாரு. அதுக்கு ஒரே குசி! ரெண்டு பெரிய நாய் கூடச் சேந்து வெளையாடுதுன்னு நெனைச்சிருக்கும்.

கடைசியா நாய் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். சின்னப் பையன். "பாட்டி, பல்லு மொளைக்குது, ஈறு நமநமன்னு இருக்கும், அதான் கடிக்குது. கையை வெளையாட்டுச் சாமானா ஆக்காதீங்க. கடிச்சா அடிக்காதீங்க, கத்தாதீங்க. வெளையாட்டை நிறுத்திட்டுப் பேசாம எந்திரிச்சுப் போயிருங்க"ன்னாரு. நான் அப்புடியே செஞ்சேன். எந்திரிச்சுப் போயிட்டேன். போறப்ப நாலு வார்த்தை சொல்லிட்டுப் போனேன், "இப்புடிக் கடிக்கலாமுங்களா, நல்ல குடும்பத்துல வளர்றவங்க செய்யற காரியமுங்களா"ன்னு. அது ஒரு தப்பா? பின்னாலயே வந்து குதிங்காலைக் கடிச்சுது. பேசாமப் போகோணும்னு டாக்டர் சொன்னதை நான் செய்யலையாம், மிதுனா சொல்றா. பேசாம எப்புடிப் போறது கண்ணு?

உறுமறதைப் பத்தியும் கேட்டேன். "உறுமுனா அதட்டி அடக்காதீங்க பாட்டி. அது பேசறது. பேச உடலைன்னா நாளைக்குச் சொல்லாமக் கொள்ளாமக் கடிக்கும்"னாரு. அது எனக்குப் புடிச்சுது. பேசறதைத் தடுக்கற பழக்கம் எனக்கு இல்லீங்க. சோத்துத் தட்டுக்கிட்டக் கையைக் கொண்டு போனா உர்ருங்கும். எங்க ஊட்டுக்காரரும் அப்புடித்தானே? தட்டுல பாதி இருக்கறப்ப ரசத்தை ஊத்திட்டா உர்ருன்னு ஒரு பார்வை பாப்பாரு. கடிக்கல, அது ஒண்ணுதான் கொறை. டாக்டர் சொன்னாரு, தட்டைப் புடுங்காதீங்க, தள்ளி உக்காந்துட்டு அதைவிட ருசியா ஒண்ணைத் தூக்கிப் போடுங்க, நீங்க வந்தா நல்லது வரும்னு அதுக்குப் பழகிரும்னாரு. ஒரு துண்டு கேரட்டு போட்டேன். தட்டைப் பாத்துது, என்னையப் பாத்துது, உறுமலை நிறுத்திட்டுக் கேரட்டுக்கு வந்துருச்சு. இந்த யோசனை எனக்கு அந்தக் காலத்துல தெரியாமப் போச்சு. ஒரு அப்பளத்தோட முடிஞ்சிருக்கும்.

இன்னொண்ணும் சொன்னாரு. ஒரு துணிய நனைச்சுச் சுருட்டி ஃபிரிட்ஜுல வெச்சு, சில்லுன்னு கடிக்கக் குடுங்கன்னாரு. ஈறுக்கு எதமா இருக்குமாம். பீரோவுல எங்க ஊட்டுக்காரரு துண்டு ஒரு அடுக்கு கெடக்குது. சென்னிமலைத் துண்டு, நல்ல கெட்டி. கோகிலா அநாதை ஆசிரமத்துக்குக் குடுத்தர்லாம்னு எத்தனையோ தடவை கேட்டா. அப்பறம் அப்பறம்னு சொல்லிட்டே இருந்தேன். அதுல ஒண்ணை எடுத்து நனைச்சு வெச்சேன்.

அவரு குளிக்கப் போறப்பத் துண்டு எடுத்துட்டுப் போனதா சரித்திரமே இல்லீங்க. குளிச்சு முடிச்சுட்டு உள்ள இருந்து கதவைத் தட்டுவாரு. நான் எந்த வேலையில இருந்தாலும் போட்டுட்டு ஓடோணும். "ஏனுங்க, இந்தாங்க துண்டு"ம்பேன். கதவு ஒரு சாண் தொறக்கும், கை மட்டும் வெளிய வரும். கலியாணமான புதுசுல ஒருக்கா எனக்கு என்னமோ குறும்பு, துண்டைக் குடுத்துட்டு மறு நுனிய உடாமப் புடிச்சுக்கிட்டேன். அவரு உள்ள இருந்து இழுக்கறாரு, நான் வெளிய இருந்து இழுக்கறேன். உர்ருன்னாரு. நான் "உடுங்க, உடுங்க"ன்னு சிரிக்கறேன். எங்க மாமியாரு அந்தப் பக்கமா வந்து... போங்க கண்ணு, சின்னப் பொண்ணுகிட்ட என்னென்னமோ பேசிட்டு இருக்கறேன்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆ, துண்டு. அதே பழக்கத்துல இதுக்கும் "ஏனுங்க, இந்தாங்க துண்டு"ன்னு நீட்டுனேன். வந்து கவ்வுச்சு பாருங்க! அது ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, உர்ரு உர்ருங்குது, எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது. அப்பறம் "உடுங்க"ன்னு சொல்லிக் கேரட்டைக் காட்டுனா உட்டுரும். காலையில மூணு பேரும் கெளம்புனதும் ஒருக்கா, சாப்புட்டு ஒருக்கா, சீரியல் முடிஞ்சு ஒருக்கா. ஈறுக்கு எதமுங்க. டாக்டர் சொன்னதுதானே.

இவ்வளவு பாத்துச் செஞ்சும் மத்தவங்களைக் கடிக்கறதை மட்டும் நிறுத்த மாட்டேங்குது. அதான் எனக்கு வெளங்கல. அதிகமாக் கடி வாங்குனது கோகிலாதான். அவளுக்கும் அதுக்கும் என்ன பொருத்தமோ! அவ பாட்டுக்கு வந்து "ஏனுங்கத்தை, மாத்தரை போட்டீங்களா?"ம்பா. என்னையத்தான் கேக்கறா. இது எங்கிருந்தோ பாஞ்சு வந்து அவ சேலைக் கொசுவத்தைக் கவ்விக்கும். அவ இழுப்பா, அது இழுக்கும், பல்லு காலுல பட்டுரும். என்ற பையன் நந்தகுமாரைக் கடிச்சதே இல்ல. அவன் ஊட்டுக்குள்ள வாயைத் தொறந்தாத்தானுங்க. செல்லை நோண்டிக்கிட்டுக் கம்முனு உக்காந்திருப்பான். மிதுனா அதுகிட்ட இங்கிலீசுலதான் பேசுவா. அவளையும் ஒண்ணும் பண்றதில்ல. கோகிலாளைக் கண்டாத்தான் ஆகாது.

அவளும் எவ்வளவுதான் பொறுப்பா? போன ஞாயித்துக்கெழமை சம்பந்தி வந்தாருங்க. கோகிலாவோட அப்பா. கிணத்துக்கடவுல தென்னந்தோப்பு, நாலு ஊருக்குப் பஞ்சாயத்துப் பண்ற ஆளு. அவரோட சின்ன மகன் புது ஊடு கட்டியிருக்கறான்னு பால் காய்ச்சறதுக்கு அழைக்க வந்தாரு. தட்டுல வெத்தலை பாக்கு, பழம், பத்திரிக்கை. புது வேட்டி. இடுப்புல பட்டி வெச்சு ஒட்டிக்குவாங்களே, அந்த வேட்டி.

நம்ம பக்கம் அழைக்கறது எப்புடின்னு தெரியுமல்ல? "ஏனுங்க, மொத நாளே வந்தர்ணும்"னாரு. இது இந்தக் கதவுக்குப் பின்னால இருந்து ஓடியாந்து அவரு முன்னால நின்னு காதைத் தூக்குச்சு. "ஏனுங்க, மாப்பளையும் லீவு போட்டர்ணும்"னாரு. இது குதிக்குது. "ஏனுங்க, நீங்கதான் பெரியவங்க, நீங்க வந்துதான் வெளக்கேத்தோணும்"னாரு. எனக்கு அப்புடியே மனசு குளுந்து போச்சு, நானும் "ஏனுங்க, வராம இருப்போமுங்களா"ன்னேன். கோகிலா அடுப்பங்கரையில இருந்து, "ஏனுங்கப்பா, காப்பியா மோருங்களா?"ன்னா. அவ்வளவுதானுங்க! அதுக்குப் பைத்தியமே புடிச்சுப் போச்சு. ஒரு சுத்து சுத்துச்சு, சம்பந்தி வேட்டி நுனியக் கவ்வுச்சு, உர்ருன்னு ஒரு இழுப்பு. பர்ர்ர்ர்ர்ருன்னு ஒரு சத்தம்!

பத்திரிக்கைத் தட்டைக் கையில புடிச்சபடி, கோடு போட்ட டவுசரோட, நாலு ஊருப் பஞ்சாயத்து நிக்கறாரு. வேட்டி தனியா அறையறையா ஓடுது. மேஸ்திரி பேரு வெச்ச ஆளு முன்னால, வேட்டி பின்னால. சம்பந்தி தட்டையும் கீழ வெக்க முடியல, மங்கலப் பொருளு பாருங்க. நான் சிரிக்கக் கூடாதுன்னு முந்தானைய வாயில அடைச்சேன். முந்தானையில ஓட்டை. சிரிப்பு அது வழியா வந்துருச்சு.

என்ற பையன் செல்லை வெச்சுட்டு மொத மொறையா நிமுந்து பாத்தான்.

அன்னைக்கு ரவைக்கே கோகிலா சொல்லிட்டா. "எங்கப்பாவை இப்புடி நிக்க வெச்சுருச்சு, இந்த வாரத்துக்குள்ள இது இந்த ஊட்டை உட்டுப் போகோணும்"னா. அவ சொல்றதும் நாயந்தானுங்க. போனா எனக்கும் நிம்மதி. எந்தச் சேலையும் கட்டலாம், செருப்பைக் கீழ உடலாம். காலையில இவங்க கெளம்பிட்டா அப்பறம் பொழுதோடதான் வருவாங்க. ஊடு அமைதியா இருக்கும். நல்ல அமைதியா இருக்கும். ஃபிரிட்ஜு ஓடற சத்தங்கூடக் கேக்கும்.

ஆனா எடுத்துட்டுப் போகத்தான் ஆளு அமைய மாட்டேங்குது. உங்களுக்கு முன்னால மூணு பேரு வந்தாங்க. உக்கார வெச்சு, காப்பி குடுத்து, உங்ககிட்டச் சொன்னாப்புலயே எல்லாத்தையும் வெவரமாச் சொன்னேன். ஒருத்தரும் எடுத்துட்டுப் போகல. என்ற ராசி என்னமோ. நீங்களாச்சும்...

அட! கண்ணு, உங்க சுடிதார் சாலு! அசையாதீங்க! இழுக்காதீங்க, நீங்க இழுத்தா அது வெளையாட்டுன்னு நெனைச்சுக்கும். எப்ப முழிச்சுது இது? உர்ருங்கறதெல்லாம் கோவமில்லீங்க, பயப்படாதீங்க. காப்பி டம்ளரை இப்புடிக் குடுங்க. அய்யோ, கோகிலா வண்டிச் சத்தம் வேற கேக்குது. நல்ல நேரம் பாத்துத்தான் வாரா.

வா கோகிலா. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சாலுதான். இரு, கத்தாத. நீ அந்தப் பேரைச் சொல்லி எத்தனை கத்துனாலும் அது காதுல போட்டுக்காது. குடையைக் கீழ வை. நகரு. நான் பாத்துக்கறேன்.

ஏனுங்க. இங்க பாருங்க. என்னையப் பாருங்க. ஒறம்பரைன்னு ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட இப்புடிச் செய்யலாமுங்களா? உடுங்க. ம்? உடுங்க.

பாத்தீங்களா! உட்டுருச்சு. உக்காந்துருச்சு. என்ற சாமி. இந்தாங்க கேரட்டு. எம் முந்தானையில எப்பவும் முடிஞ்சு வெச்சிருப்பேன் கண்ணு, அதான் முந்தானை அந்தக் கதியில கெடக்குது. சாலு கிழியல, ஈரந்தான்.

ஏங் கோகிலா அப்புடியே நின்னுட்ட? எம் மூஞ்சிய என்ன பாக்கற? நான் என்ன சொன்னேன்? ஏனுங்கன்னு சொன்னேன். அது ஒரு வார்த்தை, சொல்லக் கூடாதா? கண்ணு ஏன் கலங்குது இவளுக்கு? தூசியா?

நீங்க எதுக்குக் கண்ணு வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிக்கறீங்க? என்ன? என்ன சொல்றீங்க? ஏனுங்கன்னா அதுக்குத் துண்டுன்னு அர்த்தமா? கோகிலா என்னையக் கூப்புடறப்பெல்லாம்... இருங்க, இருங்க. அவ என்னையக் கூப்புடறப்பெல்லாம் அது துண்டு புடிக்கவா வந்துச்சு? கடிக்க வரலையா? அட ஆமா! அப்ப சம்பந்தி? அடச் சாமி, அவரு அத்தனை தடவை கூப்புட்டாரே! கூப்புட்டுக் கூப்புட்டு ஒண்ணும் குடுக்கலைன்னுதான் வேட்டிய எடுத்துக்கிச்சா?

கோகிலா, நீ சொல்லிப் பாரு. சும்மா ஒருக்கா சொல்லிப் பாரு. ம், வந்துருச்சு. கொசுவத்தைப் புடிச்சுருச்சு. இழுக்காத! நீ இழுக்காத. இப்ப உடுங்கன்னு சொல்லு. மரியாதையாச் சொல்லோணும், 'உடு'ன்னா உடாது. ஆ! உன்ற பேச்சும் கேக்குது பாரு! இந்தா, கேரட்டை நீயே குடு. பல்லு படாம வாங்குது பாத்தியா? பயப்படாத. நந்தகுமாரு இப்ப ஊட்டுல இல்லாமப் போயிட்டான், கோகிலா தரையில உக்காந்து இப்புடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. சிரிக்கறியா, அழுகறியா? ஒண்ணு பண்ணு.

கண்ணு, கெளம்பிட்டீங்களா? கூடை காலியா இருக்குது? என்ன கோகிலா, இருக்கட்டும்ங்கற? என்ன இருக்கட்டும்? ஒரு வாரமா அலையா அலைஞ்சு ஆளைப் புடிச்சுட்டு இப்ப இருக்கட்டுமாமில்ல! உங்கப்பாவுக்கு என்ன சொல்லுவ? வேட்டிக்கு மேல தோலு பெல்ட்டு போட்டுக்கிட்டு வரச் சொல்லறயா? அதுவுஞ் சரி. பாருங்க கண்ணு, எல்லாத்தையும் கடைசியில எந் தலையிலயே கட்டிப்போட்டாங்க. எனக்கு என்ன வேற வேலை இல்லையா?

செருப்பை எடுத்துக்குங்க. ஃபிரிட்ஜு மேல. அந்தப் பக்கம் இருக்கறது நந்தகுமாருது, உங்களுது இது. கேட்டைச் சாத்திட்டுப் போங்க. உங்களுக்கு வேற நல்ல குட்டி அமையும், கவலைப்படாதீங்க. அடிக்கடி வந்து பாருங்க. வாரப்பச் சாலு போடாம வாங்க.

ம்? கோகிலா என்னமோ அடுப்பங்கரையில இருந்து கேக்கறா. "ஏனுங்கத்தை, காப்பி சூடு பண்ணட்டுங்களா?"ங்கறா. பண்ணு பண்ணு, எனக்கும் அரை டம்ளர்.

அய்ய, வாலை ஆட்டிக்கிட்டு நீங்க எங்க ஓடறீங்க? உங்களை இல்லீங்க, என்னையக் கூப்புடறா. கம்முனு வந்து பக்கத்துல உக்காருங்க.